ஒய் = எம் × எக்ஸ் + சி: நாமக்கல் லாரிக்காரர் போடுற மனக்கணக்கை உங்க சம்பளத்துக்கும் போட்டுப் பாருங்க



பத்தாம் வகுப்பு கணக்குப் பரீட்சை ஞாபகம் இருக்கா? கடைசிப் பகுதியில செய்முறை வடிவியல் ஒண்ணு, வரைபடம் ஒண்ணு. முன்னாடி தலா 10 மார்க், இப்ப தலா 8 மார்க். "வேற எது போனாலும் இந்த ரெண்டை விட்டுடாதே"ன்னு சொல்லாத கணக்கு வாத்தியார் கிடையாது. கிராஃப் ஷீட் கைக்கு வந்ததும் மேல் மூலையில அளவுத்திட்டம் எழுதணும். அட்டவணை போடணும். புள்ளி வைக்கணும். ஸ்கேல் பிடிச்சுக் கோட்டை இழுக்கணும். சேலம், நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில படிச்சிருந்தா இதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் போட்டிருப்பீங்க.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சீங்களா? பரீட்சையில சமன்பாட்டை அவங்களே கொடுத்துடுவாங்க. நம்ம வேலை வரையறது மட்டும்தான். வேலைக்குப் போன பிறகு நிலைமை தலைகீழ். பைக் ஷோரூம்ல, லோன் ஏஜென்ட்கிட்ட, ஹெச்.ஆர். கொடுக்கிற ஆஃபர் லெட்டர்ல யாரும் சமன்பாட்டை எழுதித் தர மாட்டாங்க. ரெண்டு மூணு நம்பர் மட்டும் சொல்லுவாங்க. அதுக்குப் பின்னாடி இருக்கிற கோட்டை நாமதான் கண்டுபிடிக்கணும். அதைக் கண்டுபிடிக்கத் தெரியாததால வருஷத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் கையை விட்டுப் போகுது.

இந்தப் பதிவுல வர்ற வாடகை, பைக் விலை, வட்டி எல்லாம் கணக்கு புரியறதுக்காக நான் எடுத்துக்கிட்ட முழு எண்கள். உங்க நம்பரைப் போட்டுப் பாருங்க. வருமான வரி பத்தி சொல்றது மட்டும் 2025-26 நிதியாண்டோட உண்மையான விகிதம்.

முதல்ல சி எது, எம் எது?

ஒன்பதாம் வகுப்புல நேரியல் சமன்பாட்டு வரைபடம் வந்துச்சு. பத்தாம் வகுப்புல சாய்வு, வெட்டுத்துண்டு வந்துச்சு. ஒய் = எம் × எக்ஸ் + சி. இதுல எம் சாய்வு, சி வெட்டுத்துண்டு. பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

இதோட அர்த்தம் தெரியணும்னா நாமக்கல்ல ஒரு லாரி ஓனர்கிட்ட பேசிப் பாருங்க. பாடி கட்டுற பட்டறையும் லாரி ஆபீஸும் நிறைஞ்ச ஊர் அது. அங்க அடிக்கடி கேட்கிற பேச்சு, "வண்டி நின்னாலும் செலவு, ஓடினாலும் செலவு." இதைத்தான் நம்ம புத்தகம் சமன்பாடா எழுதியிருக்கு.

வண்டி நின்னாலும் ஆகுற செலவு சி. டியூ, இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ், பெர்மிட். ஓடுற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகுற செலவு எம். டீசல், டயர் தேய்மானம், டோல்.

ஒரு வண்டிக்கு மாசம் நின்னாலே 80,000 ரூபாய், ஓடினா கிலோமீட்டருக்கு 30 ரூபாய்னு வச்சுக்குங்க. சமன்பாடு: ஒய் = 30 × எக்ஸ் + 80,000.

மாசம் 4,000 கிலோமீட்டர் ஓடினா மொத்தச் செலவு 2,00,000. கிலோமீட்டருக்கு 50 ரூபாய் விழுது. 8,000 கிலோமீட்டர் ஓடினா 3,20,000. கிலோமீட்டருக்கு 40 ரூபாய்தான். வாடகை கிலோமீட்டருக்கு 45 ரூபாய் கிடைச்சா முதல் ஆளுக்கு நஷ்டம், ரெண்டாவது ஆளுக்கு லாபம். வண்டி ஒண்ணு, வாடகை ஒண்ணு, ஓடின தூரம் மட்டும் வேற. எங்க சரிக்குச் சரி ஆகும்? 45 × எக்ஸ் = 30 × எக்ஸ் + 80,000. எக்ஸ் = 5,333 கிலோமீட்டர். அதுக்கு மேல ஓடினாத்தான் காசு. லோடு கிடைக்காம ரெண்டு நாள் வண்டி நின்னா ஓனர் ஏன் அவ்வளவு பதறுறார்னு இப்ப புரியுதா?

உங்க மாசச் செலவும் ஒரு கோடுதான்

இதே கண்ணோட உங்க செலவைப் பாருங்க. கையில 30,000 சம்பளம் வாங்குற ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் மாசச் செலவு 26,000.

முதல் ஆள்: ரூம் வாடகைப் பங்கு 5,000, பைக் இ.எம்.ஐ. 3,500, போன் இ.எம்.ஐ. 2,000, இன்சூரன்ஸ் 1,000, வீட்டுக்கு அனுப்புறது 5,000, ரீசார்ஜ் வகையறா 500. ஆக மொத்தம் 17,000. இது அவரோட சி. சாப்பாடு, பெட்ரோல், டீ எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 300. இது எம். ஒய் = 300 × எக்ஸ் + 17,000. 30 நாளைக்கு 26,000.

ரெண்டாவது ஆள்: இ.எம்.ஐ. எதுவும் இல்லை. சி வெறும் 8,000. ஆனா தினம் ஹோட்டல், வாரம் ஒரு சினிமான்னு நாளைக்கு 600 செலவு. ஒய் = 600 × எக்ஸ் + 8,000. இதுவும் 26,000தான்.

பார்க்கிறவங்க முதல் ஆளைத்தான் பொறுப்பானவர்னு சொல்லுவாங்க. இப்ப ரெண்டு பேருக்கும் வேலை போயிடுச்சு, ரெண்டு பேர்கிட்டயும் 60,000 சேமிப்பு இருக்குன்னு வச்சுக்குங்க. நெருக்கடியில ரெண்டு பேருமே நாளைக்கு 150 ரூபாய்ல ஓட்டுறாங்க. முதல் ஆளுக்கு மாசம் 4,500 + 17,000 = 21,500. மூணு மாசம்கூட முழுசாத் தாங்காது. ரெண்டாவது ஆளுக்கு 4,500 + 8,000 = 12,500. கிட்டத்தட்ட அஞ்சு மாசம் தாக்குப்பிடிப்பார்.

காரணம் சிம்பிள். எம்-ஐ நாளைக்கே குறைக்கலாம், சி-யைக் குறைக்க மாசக்கணக்கா ஆகும். ஹோட்டல்ல சாப்பிடறதை இன்னிக்கு நிறுத்தலாம். பைக் இ.எம்.ஐ.யை இன்னிக்கு நிறுத்த முடியுமா?

அதனால தினமும் 600 செலவு பண்ணுங்கன்னு நான் சொல்ல வரல! புதுசா ஒரு இ.எம்.ஐ. போடும்போது "மாசம் 2,000தானே"ன்னு பார்க்காதீங்க. உங்க கோடு முழுசா 2,000 மேல நகருது, கடன் முடியற வரைக்கும் கீழ இறங்காது. அவசர நிதியையும் சம்பளத்தை வச்சுக் கணக்குப் போடாதீங்க. உங்க சி-யோட ஒரு மாசத்து குறைஞ்சபட்சச் சாப்பாட்டுச் செலவைச் சேர்த்து, அதை ஆறால பெருக்குங்க. முதல் ஆளுக்கு அது 1,29,000, ரெண்டாவது ஆளுக்கு 75,000.

ரெண்டு கோடு வெட்டுற இடம்: பெட்ரோலா, எலெக்ட்ரிக்கா?

நம்ம இன்ஸ்டாகிராம்ல அடிக்கடி வர்ற கேள்வி இது. கிராஃப் ஷீட்ல ரெண்டு கோடு போட்டா பதில் கிடைச்சுடும்.

பெட்ரோல் ஸ்கூட்டர் ஆன் ரோடு 90,000. பெட்ரோல், சர்வீஸ் சேர்த்து கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய். எலெக்ட்ரிக் 1,20,000. கரண்ட், சர்வீஸ் சேர்த்து கிலோமீட்டருக்கு 50 பைசா.

பெட்ரோல்: ஒய் = 2.50 × எக்ஸ் + 90,000
எலெக்ட்ரிக்: ஒய் = 0.50 × எக்ஸ் + 1,20,000

அட்டவணை போடுவோம், ஸ்கூல்ல போட்ட மாதிரியே. எக்ஸ் 0-ன்னா 90,000, 1,20,000. எக்ஸ் 10,000-ன்னா 1,15,000, 1,25,000. எக்ஸ் 20,000-ன்னா 1,40,000, 1,30,000. பத்தாயிரத்துல பெட்ரோல் மலிவு, இருபதாயிரத்துல எலெக்ட்ரிக் மலிவு. அப்ப நடுவுல எங்கயோ வெட்டுது. வித்தியாசம் 30,000-ஐ கிலோமீட்டருக்கு மிச்சமாகுற 2 ரூபாயால வகுத்தா 15,000 கிலோமீட்டர். அங்க ரெண்டுமே 1,27,500.

இனி நீங்க ஓட்டுற தூரம்தான் முடிவு பண்ணும். சேலம் டவுனுக்குள்ளேயே மாசம் 500 கிலோமீட்டர்தான் ஓட்டுறீங்கன்னா வெட்டும் புள்ளியைத் தொட 30 மாசம். ராசிபுரத்துல இருந்து தினம் சேலம் வந்து போறவர் மாசம் 1,500 கிலோமீட்டர் தாண்டிடுவார். அவருக்கு 10 மாசம் போதும். நண்பர் எலெக்ட்ரிக் வாங்கி லாபம் பார்த்தார்னா அது அவரோட எக்ஸ். உங்க எக்ஸ் எவ்வளவு?

இன்னொரு விஷயம். கூடுதல் 30,000-ஐ லோன்ல எடுத்தா அதோட வட்டியையும் சி-ல சேர்க்கணும். வாரன்ட்டி முடிஞ்சு பேட்டரி மாத்த வேண்டி வந்தா கோடு அந்த இடத்துல படிக்கட்டு மாதிரி ஒரு தாவு தாவும். ஷோரூம்ல வாரன்ட்டி எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர்னு கேட்டு அந்தப் புள்ளியையும் ஷீட்ல குறிச்சு வைங்க.

ரெண்டு புள்ளி தெரிஞ்சா போதும்: லோன் ஏஜென்ட் சொல்லாத கணக்கு

இதுதான் பதிவுல முக்கியமான பகுதி. ரெண்டு புள்ளி கொடுத்து நேர்கோட்டோட சமன்பாட்டை எழுதுன்னு ஒரு கணக்கு வருமே? அதுதான் இது.

1 லட்சம் லோன். ஏஜென்ட் சொல்றார்: "12 மாசம்னா மொத்தம் 1,12,000 கட்டுவீங்க. 24 மாசம்னா 1,24,000. நூத்துக்கு ஒரு ரூபா வட்டிதான் சார், வருஷத்துக்கு 12 பர்சென்ட்."

புள்ளிகள் ரெண்டு: (12, 1,12,000), (24, 1,24,000). சாய்வு = ஒய் வித்தியாசம் வகுத்தல் எக்ஸ் வித்தியாசம் = 12,000 ÷ 12 = 1,000. சி = 1,12,000 − 12,000 = 1,00,000. சமன்பாடு: ஒய் = 1,000 × எக்ஸ் + 1,00,000.

பிசிறில்லாத நேர்கோடு. சந்தேகம் வர வேண்டிய இடமே அதுதான். மாசாமாசம் நீங்க அசலைத் திருப்பிக் கட்டிக்கிட்டே வர்றீங்க. அப்படின்னா வட்டி மாசாமாசம் குறையணும். இங்க ஒவ்வொரு மாசமும் அதே 1,000. அதாவது முதல் நாள் வாங்குன முழு 1 லட்சத்துக்கும் கடைசி மாசம் வரை வட்டி. 24 மாசத் திட்டத்துல மாசம் 4,167 அசல், 1,000 வட்டி. கடைசி மாசம் நீங்க பாக்கி வச்சிருக்கிற அசல் வெறும் 4,167. அதுக்கு அந்த மாச வட்டி 1,000!

இதுக்குப் பேர்தான் பிளாட் ரேட். இதே 1 லட்சத்தை 24 மாசத்துக்கு, குறையும் அசல் முறையில 12 சதவீதத்துல வாங்கினா இ.எம்.ஐ. சுமார் 4,707. மொத்தம் ஏறத்தாழ 1,13,000. பிளாட் ரேட்ல 1,24,000. ரெண்டுக்கும் பேர் 12 சதவீதம்தான், ஆனா 11,000 ரூபாய் வித்தியாசம். அந்த பிளாட் 12 சதவீதத்தைக் குறையும் அசல் முறைக்கு மாத்திப் பார்த்தா வருஷத்துக்கு சுமார் 21.5 சதவீதம் வருது.

அதனால லோன் கேட்கப் போனா ரெண்டு காலத்துக்கு மொத்தம் எவ்வளவு கட்டணும்னு கேட்டு எழுதி வாங்குங்க. சாய்வு கண்டுபிடிங்க. நேர்கோடா வந்து, சி சரியா நீங்க வாங்குற அசலா இருந்தா அது பிளாட் ரேட். சி அசலைவிட அதிகமா வந்தா ப்ராசசிங் ஃபீஸ் மாதிரி ஏதோ ஒண்ணு உள்ளே ஒளிஞ்சிருக்கலாம், என்னன்னு கேளுங்க. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் 1-ல இருந்து எல்லா ரீடெயில் டேர்ம் லோனுக்கும் முக்கிய விவர அறிக்கை, அதாவது கே.எஃப்.எஸ். கொடுக்கணும்னு சொல்லியிருக்கு. அதுல ஏ.பி.ஆர்.னு ஒரு சதவீதம் இருக்கும். ஏஜென்ட் வாயால சொல்ற வட்டியை விட்டுட்டு அந்த நம்பரைப் பார்த்துட்டுக் கையெழுத்து போடுங்க.

வளையுற கோடு: போர்வெல் ரேட்டும் வருமான வரியும்

திருச்செங்கோடு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் போர் போடுது. அவங்க ரேட் சொல்ற முறையைக் கவனிங்க. முதல் 300 அடிக்கு ஒரு ரேட். அதுக்கு மேல ஒவ்வொரு 100 அடிக்கும் ரேட் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். முதல் 300 அடிக்கு அடி 90 ரூபாய், அடுத்த 100-க்கு 100, அதுக்கு அடுத்த 100-க்கு 110னு வச்சுக்குங்க. 300 அடிக்கு 27,000. 400-க்கு 37,000. 500-க்கு 48,000. கிராஃப்ல போட்டா ஒரே கோடுதான், ஆனா 300-லயும் 400-லயும் சாய்வு கூடி மேல வளையுது.

"301 அடி போனா மொத்தக் குழிக்கும் அடி 100 ரூபாய் ஆயிடும்"னு எந்த விவசாயியாவது பயப்படுவாரா? மாட்டார். மேல போற அடிக்கு மட்டும்தான் புது ரேட்னு அவருக்குத் தெரியும். ஆனா ஆபீஸ்ல, "இன்க்ரிமென்ட் வந்து அடுத்த ஸ்லாபுக்குப் போயிட்டா மொத்தச் சம்பளத்துக்கும் அதிக வரி"ன்னு நம்புறவங்க நிறைய பேர் இருக்காங்க.

புது முறையில 2025-26 ஸ்லாப்: 4 லட்சம் வரை இல்லை, 4-8 லட்சம் 5 சதவீதம், 8-12 லட்சம் 10, 12-16 லட்சம் 15, 16-20 லட்சம் 20, 20-24 லட்சம் 25, அதுக்கு மேல 30. வரிக்குரிய வருமானம் 16 லட்சம்னா வரி 1,20,000. 17 லட்சமானா 1,40,000. கூடின 1 லட்சத்துக்கு மட்டும் 20 சதவீதம், அதோட 4 சதவீத செஸ். கையில 79,200 கூடுது. சம்பளம் கூடினா நல்லதுதான்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் ஜாக்கிரதை. வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியால வரி பூஜ்யம். 75,000 நிலையான கழிவையும் சேர்த்தா சம்பளம் 12.75 லட்சம் வரை வரி இல்லை. 12 லட்சத்தைத் தாண்டின உடனே 60,000 வரி மொத்தமா விழாம இருக்க விளிம்பு நிவாரணம் இருக்கு. 12 லட்சத்துக்கு மேல எவ்வளவு கூடுதோ, வரி அதைத் தாண்டாது. வரிக்குரிய வருமானம் சுமார் 12,70,600 ஆகுற வரைக்கும் இதுதான் கணக்கு. அந்தத் துண்டுல கோட்டோட சாய்வு சரியா 1. கூடுற ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போயிடும், மேல செஸ் வேற. அதாவது சம்பளம் 12.75 லட்சத்துல இருந்து சுமார் 13.45 லட்சம் வரை ஹைக் வாங்கினா வீட்டுக்கு எதுவும் கூடுதலா வராது.

உங்க ஆஃபர் அந்த இடைவெளியில வந்து நின்னா ஹெச்.ஆர்.கிட்ட ஒண்ணு கேளுங்க: சம்பளத்துல ஒரு பகுதியை கம்பெனி பங்களிப்பா என்.பி.எஸ்.ல போட முடியுமா? புது முறையிலயும் அடிப்படைச் சம்பளத்துல 14 சதவீதம் வரை அதுக்குக் கழிவு உண்டு. வரிக்குப் போற பணம் உங்க ஓய்வுக்காலக் கணக்குக்குப் போகும்.

ஸ்கேல் வச்சு வரைய முடியாத கோடு

எல்லாத்தையும் நேர்கோடா நினைச்சுட்டா அதுவும் ஆபத்துதான். மாசம் 5,000 உண்டியல்ல போட்டா ஒய் = 5,000 × எக்ஸ். 120 மாசத்துல 6,00,000. நேர்கோடு. அதே 5,000-ஐ வருஷம் 8 சதவீதம் கூட்டு வட்டியில போட்டா 120 மாசத்துல ஏறத்தாழ 9,14,000. அது வளைகோடு.

முதல் வருஷக் கடைசியில பாருங்க. உண்டியல்ல 60,000, கூட்டு வட்டியில சுமார் 62,250. கிராஃப்ல ரெண்டையும் பிரிச்சுக்கூடப் பார்க்க முடியாது. "ஒரு வருஷமாச்சு, என்ன பெருசா வந்துடுச்சு?"ன்னு நிறைய பேர் நிறுத்துறது இந்த இடத்துலதான். ஒரு வருஷத்தை மட்டும் வச்சுப் பார்த்தா வளைகோடும் நேர்கோடு மாதிரிதான் தெரியும். அளவுத்திட்டத்தை 10 வருஷத்துக்குப் போடுங்க.

வீட்டுப்பாடம்

ஸ்டேஷனரி கடையில ஒரு கிராஃப் ஷீட் வாங்குங்க. போன மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுங்க. வேலைக்கே போகாட்டியும் போற பணத்தை ஒரு பக்கம் கூட்டுங்க, அது சி. மீதியை நாளால வகுங்க, அது எம். 0-வது நாள்ல இருந்து 30-வது நாள் வரை கோட்டை இழுங்க. அதே ஷீட்ல உங்க சம்பளத்தைப் படுக்கைக் கோடா போடுங்க. செலவுக் கோடு 30-வது நாளுக்கு முன்னாடியே சம்பளக் கோட்டை வெட்டினா, அந்தத் தேதிக்கு அப்புறம் நீங்க கிரெடிட் கார்டுலதான் வாழ்றீங்க.

உங்க சி, சம்பளத்துல எத்தனை சதவீதம்னு கமென்ட்ல போடுங்க. பாதிக்கு மேல இருக்கிறவங்களுக்காகத்தான் அடுத்த வீடியோ: ஓடிக்கிட்டிருக்கிற இ.எம்.ஐ.கள்ல எதை முதல்ல முடிக்கணும்?

(இது நிதிக் கல்விக்கான பதிவு மட்டுமே. கடன், வரி முடிவுகளுக்கு உங்க ஆடிட்டரையோ பதிவு பெற்ற ஆலோசகரையோ கேட்டுக்குங்க.)